டிசம்பர் லீவுல காசு கரையுது, இதுல கேமரா லென்ஸ் வேற வாங்கணுமா? கோத்தகிரி அப்பா ஒருத்தரோட கேள்வி

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் ஒரு ஊர், வயசு 44. ஒரு பிரைவேட் ஆபீஸ்ல வேலை, கைக்கு 38,000 வருது. மனைவி தையல்ல மாசம் 6,000 பாக்கறாங்க. ஒண்ணேகால் ஏக்கர் தேயிலை இருக்கு, செலவெல்லாம் போக நல்ல மாசத்துல 15,000 நிக்கும், டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் 4,500 தாண்டாது. பொண்ணு ஒன்பதாவது, பையன் அஞ்சாவது. வீட்டு செலவு எல்லாம் சேத்து மாசம் 41,000, ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் 45,000 தனி. எனக்கு இருக்கற ஒரே ஹாபி பறவை போட்டோ. லீவு நாள்ல காலைல பையனையும் கூட்டிட்டு கேமராவோட கிளம்பிடுவேன், மனைவிக்கு அதுல வருத்தம், "போட்டோ எடுத்து என்ன கிடைச்சுது"னு கேக்கறாங்க. லீவுக்கு பெங்களூர் தம்பி குடும்பம் வந்துடும், செலவுக்கு தம்பிகிட்ட காசு கேக்க கூச்சமா இருக்கு. போன டிசம்பர்ல கிரெடிட் கார்டு 54,000 ஆயிடுச்சு, மினிமம் மட்டும் கட்டி ஜூன்லதான் அடைச்சேன். இப்போ 88,000 ரூபாய் லென்ஸ் ஒண்ணு நோ காஸ்ட் இஎம்ஐல 12 மாசத்துக்கு கிடைக்குது, செகண்ட்ஸ்ல 50,000 சொல்றாங்க. பொண்ணு பேர்ல போடற செல்வமகள் சேமிப்பு திட்டத்து 2,000-ஐ ஒரு வருஷம் நிறுத்திட்டு வாங்கலாமா? இல்ல ஹாபியவே விட்டுடணுமா? பேங்க்ல 60,000 இருக்கு, அது போக தீபாவளி போனஸ் 20,000 அப்படியே இருக்கு.

பதில்: ஹாபிய விட வேண்டாங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க கூடவே அனுப்பின போன வருஷ கார்டு செலவு லிஸ்ட்ட பாத்தா குற்றவாளி வேற ஆளு. வந்தவங்க சாப்பாடு, கறி, பேக்கரினு 14,000, துணி 12,000, ரெண்டு வண்டி நிறைய ஊட்டி போய் வந்தது 9,000, தம்பி பசங்களுக்கு கிஃப்ட் 6,000, கீசர் ரிப்பேரும் வீட்டு சாமானும் 7,500, டிரைபாடும் கேமரா பேக்கும் 5,500. உங்க ஹாபி இதுல பத்துல ஒரு பங்குதான். ஆனா வீட்ல எல்லாருக்கும் கண்ணுல படறது அந்த கேமரா பேக்தான், கறிக்கடை பில்லை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.

உண்மையான பிரச்சனை என்னன்னா வரவும் செலவும் மாசம் மாறி விழுது. உங்களுக்கு இலை நிறைய வர்றது ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும், அப்புறம் செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும். டிசம்பர்ல உறைபனி ஆரம்பிச்சா செடி துளிர் விடாது, பறிக்க ஒண்ணும் இருக்காது, மலைல இருக்கறவங்களுக்கு இது நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. அதே நேரத்துலதான் அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல்னு வரிசையா வருது, பெங்களூர் தம்பி குடும்பமும் கோயம்புத்தூர் சொந்தமும் வீட்டுக்கு வந்து இறங்குது. வரவு குறையற மாசத்துல செலவு ஏறுது, நடுவுல இருக்கற பள்ளத்தை கார்டு நிரப்புது.

அந்த கார்டு என்ன பண்ணுச்சுனு பாருங்க. மாசம் 3.6 சதவீத வட்டினு வெச்சா 54,000-க்கு 1,944 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக கிட்டத்தட்ட 2,300. மினிமம் டியூ அஞ்சு சதவீதம்னா 2,700. அதாவது நீங்க கட்டின 2,700-ல 400 ரூபாய்தான் அசல்ல கழிஞ்சுது, ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் 11,000-க்கு மேல சும்மா போயிருக்கு, அதுல ரெண்டு டிரைபாட் வாங்கியிருக்கலாம். இன்னொண்ணும் நிறைய பேருக்கு தெரியாது, மினிமம் மட்டும் கட்டினா புதுசா தேய்க்கற செலவுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது, தேய்ச்ச அன்னிலேர்ந்தே மீட்டர் ஓடும்.

அதனால முதல் வேலை, இலை காசுக்கு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட். ஃபேக்டரி காசு எது வந்தாலும் அதுலயே விழட்டும். நீங்க சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1,27,000 பக்கம் வருது, ஜூலை ஆகஸ்ட்ல 9,500 மாதிரினு நான் வெச்சிருக்கேன். அதுலேர்ந்து ஒண்ணாம் தேதி ஆனா 9,000 மட்டும் வீட்டு அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க, இலை கொட்டற மே மாசமும் 9,000-தான், செடி கருகற ஜனவரியும் 9,000-தான். உங்க தோட்டம் உங்களுக்கு சம்பளம் போடற மாதிரி. வருஷ கடைசில 19,000 அந்த அக்கவுண்ட்லயே நிக்கும். இந்த மார்ச் வரைக்கும் குறையற 18,000-ஐ மட்டும் இப்போ இருக்கற 60,000-லேர்ந்து அதுல போட்டுடுங்க.

இந்த டிசம்பருக்கு மொத்தம் 35,000, அதுக்கு மேல இல்ல. போனஸ் 20,000, பேங்க்லேர்ந்து 15,000. மிச்சம் 27,000 ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு, அதை தொடக்கூடாது. கார்டு லிமிட்டை ஆப்லயே 10,000-க்கு குறைச்சு வெச்சுடுங்க, ஜனவரிக்கு அப்புறம் ஏத்திக்கலாம்.

54-ஐ எப்படி 35 ஆக்கறதுனு கேப்பீங்க. கீசரும் டிரைபாடும் இந்த வருஷம் இல்ல, அதுலயே 13,000 போச்சு. தம்பிகிட்ட காசு கேக்க கூச்சமா இருக்குனு எழுதியிருக்கீங்க, சரி கேக்காதீங்க, வேலைய பிரிச்சு குடுங்க. "கறியும் சிலிண்டரும் உன் பொறுப்புடா"னு போன்ல முன்னாடியே சொல்லிட்டா அவருக்கே நிம்மதி, சும்மா வந்து சாப்டுட்டு போறோம்ங்கற சங்கடம் அவருக்கும் இருக்கும். கூடவே பெங்களூர் வண்டிக்கு நீலகிரிக்குள்ள நுழைய இ-பாஸ் எடுத்துட்டு வர சொல்லுங்க, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நின்னுட்டு உங்களுக்கு போன் போட வேணாம். அப்புறம் அந்த ஊட்டி ட்ரிப். டிசம்பர் கடைசில ஊட்டி டிராஃபிக்ல ரெண்டு வண்டில போய் படகுக்கு கியூல நிக்க கோத்தகிரிக்காரங்களுக்கு என்ன தலையெழுத்துங்க? கோடநாடு வியூ பாயிண்ட் கூட்டிட்டு போங்க. வனத்துறைகிட்ட அனுமதி கேட்டுட்டு லாங்வுட் சோலைக்கு எல்லா பசங்களையும் கூட்டிட்டு போங்க, நீலகிரி சிரிப்பான் பறவை கத்தறதை பெங்களூர் பசங்க எங்க கேக்க போறாங்க. உங்க ஹாபி முதல் தடவையா மொத்த குடும்பத்துக்கும் காசு மிச்சம் பண்ணும், மனைவிய கூட்டிட்டு போனா இன்னும் நல்லது, இதுக்கு நான் ஃபீஸ் வாங்கறதில்ல.

லென்ஸுக்கு வரேன். நோ காஸ்ட்ங்கறது முழு உண்மை இல்ல. பேங்க் வட்டி போடத்தான் செய்யுது, அந்த தொகையை விக்கறவங்க டிஸ்கவுண்ட்டா கழிச்சு குடுக்கறாங்க, அவ்ளோதான். அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலைல, பிராசஸிங் ஃபீஸும் பெரும்பாலும் உங்க தலைல. 88,000-க்கு எல்லாம் சேந்து ஆயிரத்து சொச்சம் வரும், அது கூட பெரிசில்ல. மொத்தமா காசு குடுத்தா என்ன விலைனு கடைல கேட்டு பாருங்க, அதுல தெரியும் எவ்ளோ விடறோம்னு. எனக்கு பயம் வேற இடத்துல. மாசம் 7,333 இஎம்ஐ. ஜனவரில சம்பளம், தையல், இலை எல்லாம் சேத்து 48,500, வீட்டு செலவு 41,000, இஎம்ஐ போக கைல 200 ரூபாய் கூட நிக்காது. ஒரு காய்ச்சல் வந்தா திரும்ப கார்டு.

செல்வமகள்ல கை வைக்காதீங்க. ரூல்படி வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோட இருக்கும், அதனால நிறுத்த முடியாதுனு சொல்ல மாட்டேன். ஆனா இப்போ 8.2 சதவீதம் வரி இல்லாம குடுக்கற இடம் வேற இல்ல, பொண்ணு பத்தாவது முடிச்சதும் மேல்படிப்புக்கு இருப்புல பாதி வரைக்கும் எடுக்கலாம், அது ரெண்டே வருஷத்துல வந்துடும். அந்த நேரத்துல லென்ஸை காட்டி சமாதானம் சொல்ல முடியாது.

ஏப்ரல்லேர்ந்து சம்பளம், தையல், இலை அக்கவுண்ட் 9,000 எல்லாம் சேத்து வர்ற 53,000-ல வீட்டு செலவு போக மாசம் 12,000 மிஞ்சும். 3,500 அடுத்த டிசம்பருக்கு ஆர்டி (மாசாமாசம் பேங்க்ல போடற சேமிப்பு), 4,000 ஸ்கூல் ஃபீஸுக்கு இன்னொரு ஆர்டி (வர்ற ஜூனுக்கு மட்டும் இலை காசும் கொஞ்சம் கை குடுக்கணும்), 1,500 அவசரத்துக்கு. அப்புறம் 1,500 உங்க கேமராவுக்கு, அதே 1,500 மனைவி பேர்ல, அவங்க அதை என்ன பண்றாங்கனு நீங்க கேக்கக்கூடாது. போட்டோ எடுத்து என்ன கிடைச்சுதுங்கற கேள்விக்கு நியாயமான பதில் இதுதான்னு நான் நெனக்கறேன், போட்டோவ வித்து சம்பாதிக்கறேன்னு கிளம்பறது இல்ல. ஒரு வருஷத்துல உங்க பங்கு 18,000, இலை அக்கவுண்ட்ல மிஞ்சினதுல பாதி 9,500, பழைய லென்ஸை வித்தா 12,000 வரலாம், டிசம்பர் செலவுக்கு ஆர்டி இருக்கறதால அடுத்த போனஸ்ல ஒரு 10,000. செகண்ட்ஸ் லென்ஸ் வந்துடுச்சு, கடனே இல்லாம.

செகண்ட்ஸ் வாங்கறப்போ லென்ஸை செல்ஃபோன் டார்ச்சுக்கு நேரா பிடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ் (பூஞ்சை), விலை எவ்ளோ குறைச்சாலும் வேணாம். நம்ம ஊர் ஈரத்துக்கு துணி பேக்ல பீரோல வெச்சாலே அது வரும், வாரண்டில பொதுவா அதை சேக்க மாட்டாங்க. காத்து புகாத டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு, மீட்டர் 40-லேர்ந்து 50-க்குள்ள நிக்கணும். இதை இந்த மாசமே வாங்கிடுங்க, இருக்கற லென்ஸை நல்ல விலைக்கு விக்கணும்ல.

டெர்ம் இன்சூரன்ஸ், அதாவது நமக்கு ஏதாவது ஆனா மட்டும் குடும்பத்துக்கு காசு வர்ற காப்பீடு, அதை பத்தி நீங்க ஒண்ணுமே எழுதல. எல்ஐசில ஏதாவது பாலிசி போட்டிருந்து, அது சேமிப்பு பாலிசியா இருந்தா கவர் (குடும்பத்துக்கு கிடைக்கற தொகை) ரொம்ப கம்மியா இருக்கும். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, 44 வயசுல இன்னும் தள்ளிப்போட்டா பிரீமியம் ஏறும். பாலிசி பாண்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, அதை பாத்துட்டு எவ்ளோ கவர் எடுக்கணும்னு தனியா சொல்றேன்.