எத்தனை ஸ்டெப்ஸ், எத்தனை கலோரி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எடை குறைக்க வருபவர்களுக்கு உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கணக்கும் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஸ்டெப்ஸ் பற்றி நீங்கள் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

தினமும் 10,000 ஸ்டெப்ஸ் கட்டாயமா சார்? எனக்கு 7,000 தாண்டுவதே பெரும்பாடு.

கட்டாயமே இல்லை. அந்த எண் எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை 'மான்போ-கே' என்ற பெயரில் விற்றார்கள். 'பத்தாயிரம் காலடிகளை எண்ணும் கருவி' என்று அர்த்தம். அந்தப் பெயரே எல்லோருக்கும் இலக்காகிவிட்டது. 7,000 நல்ல எண், விடாமல் நடங்கள்.

கலோரி கணக்கிடும் ஆப்பில் 'செயல்பாட்டு அளவு' கேட்கிறதே, ஸ்டெப்ஸை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிரிவு இது: 5,000-க்குக் கீழே என்றால் உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை, 7,500 வரை குறைந்த செயல்பாடு, 10,000 வரை ஓரளவு, அதற்கு மேல் சுறுசுறுப்பு, 12,500 தாண்டினால் மிகுந்த சுறுசுறுப்பு. ஒரே ஒரு நாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஞாயிறு 15,000 நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் 4,000 என்றால் உங்கள் சராசரி 5,600 கூட வராது, ஆப்பில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வயது 38, உயரம் 160, எடை 72. அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை, ஆனால் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பதால் நாளுக்கு 8,000 வந்துவிடும். ஆப்பில் 'நடுத்தரம்' போட்டேன், 2,120 கலோரி காட்டியது. வாட்ச் இன்னும் 350 செலவானதாகச் சொல்கிறது, அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக எடை அசையவில்லை அண்ணா.

ஒரே நடையை இரண்டு தடவை கணக்கில் எழுதிவிட்டீர்கள், சகோதரி. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சும்மா படுத்திருந்தாலும் உங்கள் உடம்புக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட 1,370 கலோரி (எடையைப் பத்தால், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும் பெண்களுக்கான 161-ஐயும் கழித்தால் வரும்). ஆப் அதை 'நடுத்தரம்' என்பதற்கான 1.55-ஆல் பெருக்கி 2,120 என்று காட்டியது. அந்த 1.55-க்குள்ளேயே உங்கள் காலை நடை இருக்கிறது! அதன்மேல் வாட்ச் சொன்ன 350-ஐயும் வைத்தால் கணக்கு 2,470-க்குப் போய்விடுகிறது.

சரி, இன்னொரு பக்கமிருந்து பார்ப்போம். உட்கார்ந்த வாழ்க்கைக்கான பெருக்கல் 1.2, அப்படியானால் 1,640. நீங்கள் நடப்பது ஐந்தேகால் கிலோமீட்டர் போல. சமதளத்தில் நடக்க ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, கூடுதலாக அரை கலோரிதான் ஆகும். மொத்தம் 190. அதில் வீட்டுக்குள் நடமாடும் கொஞ்சம் ஏற்கெனவே 1.2-க்குள் இருப்பதால் சுமார் 1,800 என்று வைத்துக்கொள்ளலாம். 'லேசான செயல்பாடு' என்று 1.375 போட்டாலும் 1,880 வருகிறது. ஆக, எடை ஏறாமல் இறங்காமல் நிற்க உங்களுக்கு வேண்டியதே ஏறக்குறைய 1,800 முதல் 1,900 வரை. இறங்க வேண்டுமென்றால் அதிலிருந்து முந்நூறு நானூறு குறையுங்கள், வாட்ச் காட்டும் கலோரியைத் தொடவே தொடாதீர்கள். மூன்று வாரம் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். சூத்திரம் சொல்வதும் தராசு சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் தராசைத்தான் நம்ப வேண்டும்.

அப்போ 1,000 ஸ்டெப்ஸுக்கு எத்தனை கலோரி?

ஆளைப் பொறுத்தது. 50 கிலோ எடையும் 150 செ.மீ. உயரமும் உள்ளவருக்கு 15 போல, 90 கிலோவும் 175 செ.மீ.யும் என்றால் 32 போல. எல்லோருக்கும் ஒரே எண் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வேகமாக நடந்தால் அதிகம் எரியுமா?

சாதாரண வேகங்களில் ஒரே தூரத்துக்குப் பெரிய வித்தியாசமில்லை, நேரம்தான் மிச்சம். ஆனால் இதயத்துக்கு வேகம் முக்கியம். நிமிடத்துக்கு 100 ஸ்டெப்ஸ் என்பது மிதமான உழைப்பின் தொடக்கம். பத்து விநாடியில் உங்கள் அடிகளை எண்ணிப் பாருங்கள், 17 வந்தால் சரியான வேகம்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு மணி நேரம் நடந்தேன், வாட்ச் 900 காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. வாட்ச் எண்ணுவது மணிக்கட்டின் வீச்சை. கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தால் கை ஆடாது. என் மகள் சிறியவளாக இருந்தபோது நான் போனைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வேன். சைக்கிள், நீச்சல், எடை தூக்குவது எல்லாமும் இப்படித்தான், உழைப்பு உண்டு, ஸ்டெப்ஸில் வராது. அவற்றைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்.

டயட் தொடங்கியதும் நன்றாக இறங்கியது, ஆறாவது வாரத்திலிருந்து நின்றுவிட்டது. சாப்பாடு அதேதான்.

ஸ்டெப்ஸ் அதேதானா என்று பார்த்தீர்களா? சாப்பாடு குறையும்போது உடம்பு தெரியாமலே மிச்சம் பிடிக்கும். எழுந்து போய் எடுக்க வேண்டியதை யாரையாவது எடுத்துவரச் சொல்வோம், மாடி ஏறுவதைத் தள்ளிப்போடுவோம். முதல் வாரச் சராசரியையும் இந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 9,000 இருந்தது 6,500 ஆகியிருந்தால் காரணத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது, சாப்பாட்டை மேலும் வெட்டாமல் முதலில் அந்த நடையை மீட்டெடுங்கள்.

அம்மாவுக்கு 70 வயது. 3,000-தான் நடக்கிறார். எவ்வளவு சொல்லலாம்?

சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் பலன் கூடவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள் என்பதும் அதில் கலந்திருக்கும், இருந்தாலும் 10,000 என்று சொல்லி அவரைப் பயமுறுத்தத் தேவையே இல்லை. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், கூட நீங்களும் நடங்கள். ஒரு வேளைக்கு 800, 900 சேரும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவராக இருந்தால் மட்டும், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.