சேவல் முதலில் பார்க்கிறது

அன்புள்ள அண்ணா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காகமும் மைனாவும் தவிர ஒன்றும் இல்லை. பறவை பார்க்க ஹோட்டன் சமவெளிக்குப் போகவோ பைனாகுலர் வாங்கவோ வசதியில்லை. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அம்மா வளர்க்கும் ஏழு கோழிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

அந்த ஏழு கோழிகளிடமிருந்தே தொடங்குங்கள். ஏழில் ஒரு சேவலாவது இருக்கும்தானே, அதன் குரலைக் கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேளுங்கள். நாயோ கீரியோ வந்தால் விட்டு விட்டுக் கொக்கரித்து ஊரையே கூட்டும். மேலே கழுகு தெரிந்தால் அப்படியில்லை, மெல்லிசாக நீட்டி ஒரு சத்தம், அவ்வளவுதான், கோழிகள் செடிக்குள் ஓடிப் பதுங்கும் அல்லது நின்ற இடத்திலேயே தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். அந்தக் கண் போகும் பக்கம் நீங்களும் பாருங்கள். நான் முதன்முதலில் கறுப்புக் கழுகைப் பார்த்தது அப்படித்தான், பத்து வயதில், எங்கள் வீட்டுச் சேவல் காட்டித்தான். தேயிலைக்கு மேலே தாழ, அவசரமே இல்லாமல், இறக்கை நுனியை விரல் மாதிரி விரித்துக்கொண்டு மலைச்சரிவோடு சரிவாகப் போகும். கூடுகளில் இருக்கும் முட்டையும் குஞ்சும் அதற்குச் சாப்பாடு.

தோட்டத்தில் பறவை குறைவு என்று நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி. இது காடாக இருந்த இடம். கோப்பிக்காக வெட்டினார்கள், கோப்பி நோயில் அழிந்ததும் அதே மலைகளில் தேயிலை வந்தது, 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கியது இங்கெல்லாம் பரவியது. வெட்டிய கைகளில் நம்முடைய பாட்டன் பூட்டன்களின் கைகளும் உண்டு, அதை நினைக்காமல் என்னால் இந்த மலைகளைப் பார்க்க முடிவதில்லை. நெருக்கி நட்ட தேயிலைக்குள் பறவைக்குப் பெரிதாக வேலை இல்லை, அதனால் தேயிலை இல்லாத இடங்களைப் பாருங்கள்: ஓடைக்கரை, மரக்கறித் தோட்டம், காட்டோரம். அப்புறம் கவ்வாத்து வெட்டிய மலை, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட இடம். மொட்டைக் குச்சியின் உச்சியில் கன்னங்கரேலென்று, தோளில் வெள்ளைத் திட்டோடு ஒரு சின்னக் குருவி உட்கார்ந்திருக்கும், பக்கத்திலேயே மண்நிறத்தில் அதன் பெட்டை.

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், கொண்டைக்குருவி எந்தச் செடியில் கூடு கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். என் அம்மா அந்தச் செடியில் கை வைக்காமல் அடுத்த செடிக்குப் போய்விடுவார். அதற்காக ஒருமுறை ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

ஆறுமணிக்குருவியை நீங்கள் கேட்டிருப்பீர்கள், பார்த்திருக்கத்தான் மாட்டீர்கள். காலையிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சத்தமாகக் கூவும். இந்தியாவில் இமயமலை அடிவாரம் வரையுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் இங்கே வந்து, சித்திரையோடு திரும்பிப் போகிற பறவை அது. லயத்துக்குப் பின்னால் சருகு கிடக்கும் வடிகான் ஓரம் அசையாமல் நின்றால் தெரியும், வயிற்றடியில் நல்ல சிவப்பு.

மலைத்தண்ணீர் விழும் பீலியை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஈரக்கல்லில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும், மஞ்சள் வயிற்று வாலாட்டி ஒன்று. அதுவும் கடல் தாண்டி வருகிற விருந்தாளிதான், வருடம் முழுக்க இருக்காது. போன வருடம் எங்கள் பீலிக்கு அது வந்த தேதியைக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் நீங்களும் பாருங்கள், உங்கள் பீலியில் முதலில் கண்ட நாளை எனக்கு எழுதுங்கள். இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.