பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று கேட்ட தங்கைக்கு

இங்கிலாந்துல ரெடிங் வந்து ஏழு வாரம் ஆச்சு, அடுத்த மாசம் ஆபீஸ்ல சேரணும், நாலு கடை ஏறி இறங்கியும் ஒரு கறுப்பு பேன்ட் அமையலன்னு எழுதியிருக்கே. 12 சைஸ் தொடையில ஏறல. 14 எடுத்தா இடுப்புல முழங்கையே நுழையுது. நீளம் தரையைக் கூட்டுது. "என் உடம்புதான் கோளாறா அக்கா?"ன்னு கடைசியில ஒரு கேள்வி வேற.

கோளாறு உன் உடம்புல இல்லம்மா. ஊர்ல டெய்லர் உன்னை அளந்து வெட்டினார். இங்கே யாரையோ மனசுல வச்சு வெட்டின துணிக்குள்ள நீ நுழைஞ்சு பார்க்குற. அந்த யாரோ உன்னைவிட நாலு அங்குலம் உயரம், இடுப்புக்கும் பின்புறத்துக்கும் வித்தியாசம் குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

முதல்ல அந்த நம்பரை மறந்துடு. இந்த ஊர் 12தான் அமெரிக்காவுல 8, ஐரோப்பாவுல 40. அதுவும் தோராயம்தான். என் அலமாரியில இப்போ 12 இருக்கு, 14 இருக்கு, ஒரு 16-ம் இருக்கு, மூணும் எனக்குப் பொருந்துது. ட்ரையல் ரூமுக்குள்ள ஒரே மாடல்ல ரெண்டு சைஸ் எடுத்துட்டுப் போ. பெரிய நம்பரைத் தொடக் கூச்சப்பட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சின்னதை மாட்டுறது நாம எல்லாரும் செஞ்சதுதான்.

இங்கே வாங்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே சூத்திரம்: உடம்புல எந்த இடம் பெரிசோ, அந்த இடத்துக்கு வாங்கு, மத்ததைப் பிடிச்சுக்கோ. நம்ம டெய்லர் ஜாக்கெட்டுக்கு உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத் தைப்பார், சதை போட்டா பிரிச்சு விட்டுக்கலாம். ரெடிமேட்ல தையலுக்கு உள்ளே அரை அங்குலம்கூட மிச்சம் இருக்காது. அதனால இங்கே பிடிக்கலாம், பிரிக்க முடியாது. உன் 14 தான் சரியான பேன்ட். பின்பக்க நடுத் தையலைப் பிடிச்சா இடுப்பு உட்கார்ந்துடும். ட்ரை கிளீனிங் கடைகள் பலதுல ஜன்னல்லயே 'ஆல்டரேஷன்ஸ்'னு எழுதியிருக்கும். சனிக்கிழமை லண்டன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாம் பக்கம் வந்தா, சுடிதார் தைக்கிற கைகளே இதையும் செஞ்சு தரும்.

நீளத்துக்கு மட்டும் வேற வழி இருக்கு. 'பெட்டீட்'னு ஒரு பிரிவு. ஒல்லியா இருக்கிறவங்களுக்குன்னு நினைச்சு நான் மூணு வருஷம் அந்தப் பக்கமே போகல! 5 அடி 3 அங்குலமும் அதுக்குக் கீழேயும் இருக்கிறவங்களுக்கான வெட்டு அது, குண்டா இருந்தாலும் சரி. நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஆன்லைன் கடையான ஏசாஸ் மூணுலயும் உண்டு. சாதாரண பேன்ட்டைக் கீழே மடிச்சுத் தைச்சா போதாதான்னு கேப்பே. நேர்க் கால்னா போதும். முட்டிக்குக் கீழே விரியுற மாடல்னா, விரிய வேண்டிய இடம் உனக்குக் கெண்டைக்கால்ல வந்து நிக்கும். வெட்டினா அந்த அழகும் சேர்ந்து போயிடும்.

மேல்சட்டைக்கு சூத்திரம் அதேதான், இடம்தான் மாறும். பிளேசர்னா தோள்பட்டை. தோள் சரியில்லன்னா அங்கேயே வச்சுட்டு வந்துடு, அதைத் திருத்துற கூலிக்கு இன்னொண்ணு வாங்கிடலாம். கை நீளம் சுலபமா குறையும். மார்பு பெரிசா இருக்கிறவங்களுக்கு பட்டன் சட்டை நடுவுல வாயைப் பிளக்கும். மார்புக்கு எடுத்து இடையைப் பிடிக்கணும், இல்லாட்டி வி கழுத்து பின்னல் சட்டைக்கு மாறிடலாம். ஆனா அதுக்கும் முன்னாடி உள்ளாடை. ஊர்ல கடைக்காரர் கண்ணாலயே அளந்து கொடுத்ததை இருபது வருஷம் போட்டவ நான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்ல இலவசமா அளந்து சொல்றாங்க, பெண்கள்தான் அளப்பாங்க. அளந்த அன்னைக்கு எனக்குக் கிடைச்ச சைஸ், சுற்றளவு ரெண்டு படி கம்மி, கப் மூணு எழுத்து கூட. பழைய சட்டைகளே புதுசா உட்கார ஆரம்பிச்சுது.

பேரிக்காய், ஆப்பிள்னு இங்கே பொம்பளைங்களைப் பழக்கடை ஆக்கி வச்சிருக்காங்க. உன்னைப் பேரிக்காய்ம்பாங்க. அதுல உபயோகமானது கொஞ்சம்தான்: இடுப்புல பிடிச்சு கீழே விரியுற ஏ-லைன் ஸ்கர்ட் உனக்கு நல்லா இருக்கும், படகுக் கழுத்து தோளை அகலமாக் காட்டும். எனக்கு வயிறுதான். மார்புக்குக் கீழேயிருந்து விழுற உடுப்பும் குறுக்கே சுத்திக் கட்டுற ராப் டிரஸ்ஸும்தான் ஒத்துப்போகும், பெல்ட் கட்டினா மூட்டை கட்டின மாதிரி இருக்கும். உன் தோழி மாதிரி மேலேயிருந்து கீழே ஒரே நேரா இருக்கிறவங்க அந்த பெல்ட்டை வாங்கிக்கலாம்.

குளிர் கோட் ஒண்ணும் இப்பவே வாங்கிடுவே. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போய்ப் போட்டுப் பாரு. என் முதல் கோட்டை செப்டம்பர்ல, மெல்லிசா ஒரு டாப்ஸ் மேல போட்டுப் பார்த்து வாங்கினேன். டிசம்பர்ல உள்ளே ரெண்டு அடுக்கு ஏறினதும் பட்டன் ஒண்ணுகூடப் போட முடியல. மாத்தப் போனா அந்தக் கடையில நாள் தாண்டிடுச்சுன்னுட்டாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டைத் திறந்து போட்டு, மேல சால்வையைச் சுத்திக்கிட்டு பஸ் ஸ்டாப்ல நின்னவ நான்.

ஆன்லைன்ல வாங்கும்போது ஊர் வழக்கத்தை விடாதே. டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் கொடுப்போமே, அதே மாதிரி உனக்கு நல்லாப் பொருந்துற ஒரு பேன்ட்டைப் படுக்கையில விரிச்சு, இடுப்பு, தொடை, உள்கால் மூணையும் டேப்பால அளந்து போன்ல வச்சுக்கோ. தொடையளவு போட்டிருக்கிற கடையா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

அப்புறம், அந்த 14 சைஸ் பேன்ட்டை நீ எங்கே வாங்கினேன்னு எழுதல. ஆன்லைன்னா கையில வந்த 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்ல 2013-ல வந்த சட்டமே இருக்கு. கடையில நேர்ல வாங்கினதுன்னா, துணியில குறை இல்லாத வரைக்கும் திருப்பி எடுக்கிறது அவங்க இஷ்டம். ரசீதுல எத்தனை நாள்னு பாரு. ஆல்டரேஷன்காரம்மா துணியைப் பார்த்து முடியும்னு சொல்ற வரைக்கும் லேபிளைக் கிழிக்காதே.