பல் டாக்டர் பதில்கள்

கேள்வி: சீனாவில் மூன்று மீட்டர் உயரத்தில் ஜைகாண்டோபிதிகஸ் என்ற குரங்கு வாழ்ந்ததாம். கிடைத்ததோ பல்லும் தாடையும் மட்டும்தானாம். இதை வைத்து இவ்வளவு சொல்வது கதை விடுவது இல்லையா டாக்டர்?
- வாசகர், விருதுநகர்

பதில்: உயரம்தான் கதை. மற்றதில் பல்லின் பக்கமே நான். சோறு போடுகிற தெய்வம் ஆயிற்றே!

1935-ல் ஆய்வாளர் கோனிக்ஸ்வால்ட் ஹாங்காங் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். 'டிராகன் பல்' என்று பொடித்து மருந்தாக விற்கும் சரக்கு. நம் பல்லைப் போல் இரண்டு மடங்கு அகலம். அமைப்போ வாலில்லாக் குரங்கினுடையது. பிறகு தென்சீனக் குகைகளில் சுமார் 2,000 பற்களும் நான்கு கீழ்த்தாடைகளும் கிடைத்தன. கை கால் எலும்பு ஒன்றுகூட இல்லை. முள்ளம்பன்றிகள் கடித்துத் தீர்த்துவிட்டன. பல்லிலும் வேரைக் கொறித்துவிட்டு, கடினமான எனாமல் பகுதியை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன.

அந்த மிச்சமே போதும். எனாமல் நல்ல தடிமன், மேல்பரப்பு தேய்ந்திருக்கிறது. நார்த் தாவரங்களை அரைத்து அரைத்துத் தின்ற வாய். சில பற்களில் சொத்தையும் உண்டு, பழமும் தின்றிருக்கும். 2019-ல் 19 லட்சம் ஆண்டுப் பழைய பல் ஒன்றின் எனாமலிலிருந்து புரதத் துணுக்குகளையே பிரித்தெடுத்தார்கள். தென்சீன வெப்பத்தில் டி.என்.ஏ. அத்தனை காலம் தாங்காது. புரதம் காட்டிய நெருங்கிய சொந்தம் ஒராங்குட்டான்; பிரிந்து ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2024-ல் வந்த ஆய்வு, சுமார் மூன்று முதல் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு மாறியபோது தீனியை மாற்றிக்கொள்ள முடியாமல் இது அழிந்தது என்கிறது. அதற்கும் சாட்சி பல்தான். கடைசிக் காலத்துப் பற்களில் நீண்டநாள் திண்டாட்டத்தின் தடயம் தெரிகிறது.

உயரம் மட்டும், பல் பெரிது என்றால் உடம்பும் அதே கணக்கில் பெரிது என்று போட்ட தோராயம். ஆப்பிரிக்காவில் வாழ்ந்த, மனிதனுக்கு உறவான பழங்கால இனம் பாராந்த்ரோபஸ் பாய்சிக்குக் கடைவாய்ப் பல் பிரமாண்டம், ஆளோ நம்மைவிடக் குள்ளம்.

கேள்வி: ராமாபிதிகஸ்தான் மனிதனின் மூதாதை என்று பள்ளியில் படித்தோமே, இப்போது எங்கே போயிற்று?
- வாசகி, தேனி

பதில்: 1932-ல் லூயிஸ் என்பவர் சிவாலிக் மலையில் எடுத்தது, பல்லோடு ஒரு மேல்தாடைத் துண்டு. மீதித் தாடை மனிதரைப் போல் வளைந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்துவிட்டார்கள். அப்புறம் பாகிஸ்தானில் சிவாபிதிகஸ் என்ற பழங்கால வாலில்லாக் குரங்கின் முகமே கிடைத்தது. அச்சு அசல் ஒராங்குட்டான் சாடை. ராமாபிதிகஸை இப்போது சிவாபிதிகஸ் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.