கிளினிக்கில் எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டு வரும் அம்மாவுக்கு எப்படி விளங்கவைப்பது?

கேள்வி இதுதான்: கொழும்பில் இருக்கும் ஒருவர், அறுபத்தெட்டு வயது அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போகிறார். டொக்டர் எதைச் சொன்னாலும் அம்மா தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்து கேட்டால், "ஏதோ குளிசை மாத்திப் போட்டிருக்கினம்" என்பதோடு சரி. என்ன செய்யலாம்?

நான் டொக்டர் இல்லை. வெள்ளவத்தையில், லிப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அம்மாவோடு இருப்பவன். உங்கள் அம்மாவின் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். நானே அப்படி ஆட்டியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா "களைக்குது, களைக்குது" என்று சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது விளங்கும். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பதைத்தான் எங்கள் ஆட்கள் களைக்குது என்பார்கள். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா தனியாகவே ஓர் ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்குப் போனார். டொக்டர் சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற யாரோ ஒருவர் உதவிக்கு வந்து மொழிபெயர்த்திருக்கிறார்: "மஹன்சிலு". அதாவது, அசதியாக இருக்கிறதாம். அசதிக்கு என்ன மருந்தோ அதை டொக்டர் கொடுத்தார்: விற்றமின் குளிசை, ஓய்வு, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காதில் விழுந்த வருத்தத்துக்குச் சரியாகத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்.

ஐந்து கிழமை கழித்து ஒரு நடுச்சாமம் அம்மா கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார், படுக்க முடியவில்லை. 1990க்கு அடித்தேன், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. வாட்டில் பார்த்த டொக்டர் "என்ன வருத்தம்" என்று கேட்கவேயில்லை. "இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறவ?" என்று என்னிடம் கேட்டார். மூன்று. எப்போதிருந்து மூன்று ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. பிறகு அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாக அப்படியே நின்றது. மாவில் விரல் வைத்த மாதிரி. எக்கோ என்ற இருதய ஸ்கேன் செய்தபிறகு சொன்னார்கள்: இருதயம் பம்ப் பண்ணுவது குறைந்துவிட்டது, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது.

எனவே முதல் விஷயம், வருத்தத்தின் பெயரையோ "களைப்பு", "வாய்வு", "ஒரு மாதிரிக் கிடக்கு" போன்ற சொற்களையோ டொக்டரிடம் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும், மொழி தாண்டினால் வேறு வருத்தமாகவே மாறிவிடும். அம்மா முன்பு செய்ததில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுதான் ஏறுகிறார், பின்னேரத்தில் செருப்பு இறுக்குகிறது, மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. இதை எந்த மொழியில் சொன்னாலும் பிழைக்காது.

அடுத்தது இன்னும் மோசம், ஏனென்றால் அதில் நானும் பக்கத்திலேயே நின்றேன். துண்டு வெட்டி வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் அம்மாவுக்குப் புருசமைட் 40 மில்லிகிராம் தந்தார்கள். எங்கள் ஆட்கள் தண்ணிக் குளிசை என்பது இதைத்தான். டொக்டர் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் விளக்கிவிட்டு, "தேருணாத அம்மே?" என்று கேட்டார். விளங்கிச்சா அம்மா என்று அர்த்தம். அம்மா "ஹரி, ஹரி" என்றார். நானும் ஹரி என்றேன். மருந்து உறையில் நாளுக்கு இரண்டு தரம் என்று குறித்திருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தரம் என்றால் காலை எட்டு, இரவு எட்டு. மூன்று இரவு அம்மா தூங்கவில்லை, ஒரே மூத்திரம். மூன்றாம் இரவு குளியலறை வாசலில் வழுக்கி, கதவைப் பிடித்ததால் தப்பினார். பிறகுதான் தெரிந்தது, இந்தக் குளிசையைக் காலையிலும், இரண்டாவதைப் பகல் இரண்டு மணியளவிலும் போடவேண்டுமாம். அது மட்டுமா, தண்ணிக் குளிசை என்ற பெயரை நம்பி அம்மா ஒவ்வொரு தரமும் ஒரு செம்பு தண்ணீர் குடித்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டிலோ நாளுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"விளங்கிச்சா?" என்ற கேள்விக்கு உலகத்தில் எவரும் "இல்லை" என்று சொல்வதில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யார் சொல்வார்? வெளிநாடுகளில் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் இதற்கென்றே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளங்கியதா என்று கேட்காமல், "வீட்டில் போய் எப்படிப் போடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று நோயாளி வாயால் திருப்பிச் சொல்லவைப்பது. டொக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி பிழை என்று கெஸல்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 2003இல் எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா அப்படியொன்றும் விதிவிலக்கு இல்லை என்று அப்போதுதான் ஆறுதல் வந்தது.

இங்கே கிளினிக் நெரிசலில் டொக்டர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. நாங்களே தொடங்கிவிட வேண்டும். நான் சொல்வது ஒரே வசனம்: "டொக்டர், நான் விளங்கினது சரியோ எண்டு ஒருக்கால் பாருங்கோ." பிறகு நேரத்தோடு சொல்வேன்: இது காலை எட்டுக்கு, இது பகல் இரண்டுக்கு, இது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. அரை நிமிடம் போதும். இதுவரை ஒருவரும் எரிந்து விழவில்லை. இரண்டு தரம் பிழை பிடிபட்டிருக்கிறது.

மருந்துத் துண்டில் இருக்கும் எழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். மூன்று தரம், மானே காலை, நொக்டே இரவு. 1/12 என்பது ஒரு மாதத்துக்கு, 2/52 என்றால் இரண்டு கிழமைக்கு. 1/12 என்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று நான் கொஞ்சக்காலம் நம்பியிருந்தேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் 13ஆவது திருத்தத்தோடு எழுதிவிட்டார்கள், ஆனால் மருந்துத் துண்டில் ஆட்சி செய்வது லத்தீன்தான். அந்த வகையில் மூவினத்துக்கும் சமநீதி.

மொழி பெரிய தடை என்றால், தமிழ் தெரிந்த மிஸ், அதாவது தாதி, யாராவது இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் ஒருவர் இருப்பார். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். மகனையும் எல்லாவற்றுக்கும் நம்பவேண்டாம். சில விஷயங்களை அம்மாமார் மகன் முன்னால் வாயே திறக்கமாட்டார்கள். என் தங்கை வந்த அன்றுதான், தும்மினால் மூத்திரம் போகிறது என்ற விஷயமும், அதற்குப் பயந்து கோயிலுக்குப் போகும் நாளில் தண்ணிக் குளிசையை விட்டுவிடுகிறார் என்பதும் வெளியே வந்தது.

டொக்டர் ஏசுவார் என்பதற்காக ஒளிப்பது இன்னொன்று. முழங்கால் நோவுக்கு அம்மா காலி வீதியில் ஒரு பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போட்டுவந்தார். அந்த வகை நோக்குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இருதயம் இப்படி இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. கேட்டால், "டொக்டர் மருந்தைத்தானே கேட்டவர், இது சும்மா நோவுக்கு" என்றார். உப்பும் அதே கதைதான். கறியில் குறைத்துவிட்டு, கருவாட்டையும் அப்பளத்தையும் உப்பென்று எண்ணவில்லை. அதனால் இப்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேசையில் வைத்துவிடுகிறேன். பனடோல், தைலம், அரிஷ்டம் எல்லாம்.

கொப்பியின் பின்பக்கத்தில் காலை நிறையையும் எழுதிவருகிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது, அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் வரச்சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் மட்டும் அம்மாவுக்கு யாரும் திருப்பிச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரில் சங்கக்கடையில் தராசு பிடித்தவர்.

போன மாதக் கிளினிக்கில் எங்கள் முறை வந்தபோது நான் துண்டை எடுக்க முன்னமே அம்மா கதிரையில் இருந்தபடி இரண்டு விரலைக் காட்டினார். "ரேட்ட கொட்ட தெகய், டொக்டர்." இரவுக்குத் தலையணை இரண்டு. டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.