பெரிய நிறுவன மென்பொருளுக்கு எந்த அப்ளிகேஷன் சர்வர் சரியாக இருக்கும்?

உங்கள் நிரலை ஓட்டி, வரும் கோரிக்கைகளை அதனிடம் சேர்ப்பிக்கும் மென்பொருள்தான் அப்ளிகேஷன் சர்வர். இலவசமான டாம்கேட் போதுமா, வெப்லாஜிக், வெப்ஸ்பியர் மாதிரி காசு கொடுத்து வாங்க வேண்டுமா, எது வேகமானது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை முதலில் ஒதுக்கிவைப்போம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

டாம்கேட் தாங்கவில்லை என்று முடிவுகட்டி, விலையுயர்ந்த சர்வர் ஒன்றுக்கு விலைப்புள்ளிவரை வாங்கிவிட்ட குழுவில் நானும் இருந்தேன். மாதக் கடைசியில் திரை உறைந்து நின்றபோது ஒருவர் த்ரெட் டம்ப் எடுத்தார்; கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒவ்வொரு த்ரெட்டும் (வேலை இழையும்) அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல் அது. டாம்கேட்டில் நாமாக மாற்றாதவரை உச்சவரம்பு 200 த்ரெட். அதில் 190 த்ரெட்டும் ஒரே வரியில் நின்றன: தரவுத்தள இணைப்பு கிடைக்குமா என்று காத்திருந்தன. தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் ஹிகாரி பூலின் அளவை நாங்கள் தொட்டதே இல்லை; அது வரும்போதே 10தான். அந்தப் பத்து இணைப்புகளும் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத ஓர் அறிக்கை வினவலில் மாட்டிக்கொண்டிருந்தன. இன்டெக்ஸ் போட்டோம். விலைப்புள்ளி குப்பைக்குப் போனது.

ஆகவே, உங்கள் நிரல் சர்வரிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒரே தரவுத்தளம், அதன் மேல் இணையச் சேவைகள், அவ்வளவுதான் என்றால் டாம்கேட், அல்லது அதை உள்ளேயே வைத்திருக்கும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு போதும். தரவுத்தளத்தில் எழுதுவதும் செய்தி வரிசையில் (வேறு நிரல்கள் எடுத்துக்கொள்ள வைக்கும் மெசேஜ் க்யூ) போடுவதும் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டுமே நடக்கக் கூடாது என்றால் கதை வேறு. அதற்கான இருகட்ட கமிட் (முதலில் எல்லாத் தரப்பிடமும் தயாரா என்று கேட்டு, பிறகே முடித்துவைப்பது) டாம்கேட்டில் இயல்பாகக் கிடையாது. வைல்டுஃப்ளை, ஓப்பன் லிபர்ட்டி, வெப்லாஜிக் போன்றவற்றில் உண்டு. ஆனால் முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் முடிவதற்குள் சர்வர் செத்தால், அது மீண்டும் எழும்போது பரிவர்த்தனைப் பதிவேட்டைப் படித்துத்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். கன்டெய்னரில் (நிரலை அடைத்து ஓட்டும் தனிப்பெட்டி) தற்காலிக வட்டில் அந்தப் பதிவேட்டை வைத்திருந்தீர்களானால், கன்டெய்னரோடு அதுவும் போய்விடும். தரவுத்தளத்தில் பூட்டு மட்டும் விழுந்தபடி கிடக்கும். முழு சர்வர் வாங்கியும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு.

பழைய நிரலாக இருந்தால் முடிவு உங்கள் கையில் இல்லாமலும் போகலாம். ஜாவா நிறுவன மென்பொருளுக்கான தரநிலையாக 2020இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9, 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்களை 'ஜகார்த்தா' என்று மாற்றியது. டாம்கேட் 9 பழைய பெயரோடு நிற்கிறது. 10 புதியதைத்தான் ஏற்கும். எழுதியவரே கைவிட்டுவிட்ட ஒரு நூலகம் உள்ளே இருந்தால், அதுதான் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கும்.

உரிமக் கட்டணம் பெரும்பாலும் ப்ராசஸர் கணக்கில் வரும். சோதனைச் சூழலுக்கும் முதன்மை மையம் விழுந்தால் கைகொடுக்கும் மாற்று மையத்துக்கும் சேர்த்து விலை கேளுங்கள். காசு கொடுத்தால் காலத்துக்கும் ஆதரவு கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வரின் வணிக ஆதரவை நிறுத்தப்போவதாக ஆரக்கிள் 2013இல் அறிவித்தது.

கையெழுத்திடும் முன் விற்பனையாளரை உட்காரவைத்து, சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோடை (சர்வர்க் கூட்டத்தில் ஒன்றை) ஈவிரக்கமின்றிக் கொல்லச் சொல்லுங்கள். எத்தனை பரிவர்த்தனைகள் அந்தரத்தில் தொங்குகின்றன என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.