நான்காவது புத்தகம் வாங்குவதற்கு முன்

மைண்ட்ஃபுல்னஸ் (செய்வதில் முழுக் கவனம் வைக்கும் பயிற்சி) பற்றிய புத்தகங்கள் மூன்று வாங்கியும் எதுவும் பாதிக்கு மேல் ஓடவில்லை, எல்லாம் ஒன்றையே சொல்கின்றன, அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும், வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நாட் ஹானின் 'தி மிராக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னஸ்' போதும்.

அது முதலில் புத்தகமே அல்ல, ஒரு நீண்ட கடிதம். 1974-இல், நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்தபோது, தென் வியட்நாமில் தாம் தொடங்கிய சமூக சேவைப் பள்ளியின் ஊழியர் ஒருவருக்கு எழுதியது. போருக்கு நடுவே கிராமங்களில் வேலை செய்தவர்கள் அவர்கள். உட்கார்ந்து தியானம் செய்ய நேரம் ஏது? அதனால்தான் பாத்திரம் கழுவுவதையும் ஆரஞ்சுச் சுளை தின்பதையும் பயிற்சியாக்குகிறார். ஆபீஸ் போகிறவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குவது இதற்காகத்தான் என்பது என் எண்ணம். (பின்னால் வந்த பலதும் அதில் தண்ணீர் கலந்தவைதான்.)

சரி, முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பயிற்சிகள் தனிப் பகுதியாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வாரம் செய்யுங்கள். அதுவும் அலுத்தால், கடைசியில் சேர்த்திருக்கும், கவனத்தைப் பற்றிய புத்தரின் உரையான 'சதிபட்டான சுத்த'த்துக்குத் தாவிவிடுங்கள். மைண்ட்ஃபுல்னஸ் பற்றி எழுதும் இவர்கள் எல்லோருக்கும் மூலம் அதுதான்.